பேட்டரி ஒயரைக் கழற்றினால் கியர் பாக்ஸ் சரியாகாது

போன மாதம் மட்டும் நான்கு கார்கள். ஊர் வேறு, கம்பெனி வேறு, ஓடிய கிலோமீட்டரும் வேறு. ஓட்டி வந்தவர்கள் சொன்னது மட்டும் ஒரே பேச்சு. "பேட்டரி ஒயரக் கழட்டி அரை மணி நேரம் உட்டு மாட்டுனேனுங்ணா. ரெண்டு நாளு நல்லாத்தான் ஓடுச்சு. இப்ப மறுக்காவும் வெட்டி இழுக்குதுங்க."

நான்காவதாக வந்தவர் பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் வியாபாரம் செய்கிறவர். வாரம் ஒரு முறை வால்பாறை ஏறி இறங்குவார். வண்டி டார்க் கன்வர்ட்டர் வைத்த ஆட்டோமேட்டிக். இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது எஞ்சின் ஒரு கணம் வெறுமனே கத்தும். பிறகு யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி வண்டி முன்னால் பாயும். ஆறு மாதமாக இப்படித்தான் ஓடியிருக்கிறது. ஆறு மாதமும் அவர் பார்த்த வைத்தியம் ரீசெட். ஒயரைக் கழற்றி மாட்டியிருக்கிறார். சாவியை ஆன் செய்து, எஞ்சினை எழுப்பாமல், ஆக்சிலரேட்டரை முப்பது நொடி அடிவரை மிதித்துப் பிடித்திருக்கிறார். ஆன்லைனில் வாங்கிய சின்ன ஸ்கேனரை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகி, கைபேசியிலேயே எரர் கோடுகளை அழித்திருக்கிறார். என்னிடம் கிளம்பி வந்த அன்று காலையிலும் அழித்துவிட்டுத்தான் வந்தார். என் ஸ்கேனரைப் போட்டால் ஒரு கோடும் இல்லை, துடைத்த சிலேட்டு.

வண்டியைத் தூக்கி ஆயில் பேனைக் கழற்றினேன். புது கியர் ஆயில் மாதுளைச் சாறு போலச் சிவப்பாக இருக்கும். ஓட ஓடப் பழுப்பேறும், அது இயல்பு. இதில் வந்தது கறுப்பு. வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டால் நடுவில் கரிப்பொட்டு நின்றது. அடுப்பில் எண்ணெய் தீய்ந்த வாடை. பேனின் அடியில் இரும்புத் தூளைப் பிடித்து வைக்கக் காந்தம் ஒட்டியிருப்பார்கள். நல்ல கியர் பாக்ஸில் அதன்மேல் கண்மை பூசியது போல மெல்லிய சாம்பல் நிறப் பசை இருக்கும், அவ்வளவுதான். இதில் விரலைக் குத்தும் செதில்கள். பேன் மூலையில், ஃபில்டர் காப்பியின் வண்டல் மாதிரி, கிளட்ச் பிளேட்டிலிருந்து உரிந்த தூள்.

"சாஃப்ட்வேர் பிரச்சினைனு சொன்னாங்களேங்க?" என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். "எல்லாருந்தானுங்க சொல்றாங்க."

இந்த "எல்லாரும்" தான் எனக்குக் கோபத்தை உண்டாக்குகிறது. கியர் பாக்ஸைப் பிரித்தே பார்க்காதவர்கள் கியர் பாக்ஸுக்கு மருந்து சொல்கிறார்கள். மருந்துக்குக் காசு இல்லை, பத்து நம்பர் ஸ்பேனர் ஒன்று போதும். அதனால்தான் இவ்வளவு வேகமாகப் பரவுகிறது.

முதலில் ரீசெட் செய்தால் எது அழியும் என்று தெரிந்துகொள்ளுங்கள். டார்க் கன்வர்ட்டர் வகை கியர் பாக்ஸில் ஒவ்வொரு கியருக்கும் கிளட்ச் பிளேட் அடுக்குகள் உண்டு. இரும்புத் தகடு ஒன்று, லைனிங் ஒட்டிய தகடு ஒன்று என்று மாறி மாறி அடுக்கியிருக்கும். அந்த லைனிங் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனம். ஆயில் அழுத்தம் ஒரு பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் தகடுகளை இறுக்கும், கியர் பிடிக்கும். லைனிங் தேயத் தேய, தகடுகளுக்கு இடையில் இடைவெளி கூடும். முன்னைவிடக் கூடுதல் ஆயில் போனால்தான் பிஸ்டன் அந்த இடைவெளியைத் தாண்டி இறுக்க முடியும். கியர் பாக்ஸின் கம்ப்யூட்டரான டிசியூ இதைக் கவனிக்கிறது. உள்ளே வரும் சுழற்சி எவ்வளவு, வெளியே போகும் சுழற்சி எவ்வளவு என்று சென்சார்கள் சொல்லிக்கொண்டே இருக்கும். மாற்றத்துக்கு நேரம் கூடினால், அடுத்த முறை கொஞ்சம் முன்னதாக, கொஞ்சம் கூடுதலாக ஆயிலைத் தள்ளும். வருடக்கணக்காக ஓடி அது கற்றுவைத்த இந்தக் கணக்கைத்தான் ரீசெட் செய்தால் அழிக்கிறீர்கள்.

பிளேட் தேய்ந்தது தேய்ந்ததுதான். தேய்மானத்துக்கு ஏற்றபடி வண்டி போட்டுவைத்த கணக்கு மட்டும் போய்விடும். எப்போதும் பார்க்கும் டாக்டரிடம் இருக்கும் நோட்டைக் கிழித்துப்போட்டால் சர்க்கரை நோய் தீர்ந்துவிடுமா?

அதிலும், ஒயரைக் கழற்றுகிறவர்களில் பலர் அந்தக் கணக்கைக்கூட அழிக்கவில்லை. இப்போது வரும் பெரும்பாலான கார்களில் டிசியூ கற்றதெல்லாம் மின்சாரம் போனாலும் அழியாத மெமரியில் பதிந்திருக்கும். பேட்டரியை ஒரு வாரம் கழற்றி வைத்தாலும் அப்படியே இருக்கும். கடிகாரம் பன்னிரண்டுக்குப் போகும், ரேடியோ ஸ்டேஷன் மறந்துபோகும், கண்ணாடி ஒரே அழுத்தில் ஏறாமல் நிற்கும். பல வண்டிகளில் எஞ்சினின் ஐடில் கணக்கும் கலைந்துபோகும். ஐடில் ஏறி இறங்கினால், டி-யில் போட்டவுடன் வண்டி குதிக்கும். இல்லாத ஒரு புதுப் பிரச்சினையை நீங்களே கூட்டிவந்திருக்கிறீர்கள்.

சாவியை ஆன் செய்து ஆக்சிலரேட்டரை மிதிக்கும் வித்தைக்கு ஒரு மூலம் உண்டு. நிசான் கார்களின் சர்வீஸ் கையேட்டில், சாவியையும் பெடலையும் நொடிக் கணக்கில் இயக்கி, பெடல் விடுபட்ட நிலையையும் ஐடில் காற்றின் அளவையும் எஞ்சினுக்குக் கற்றுக்கொடுக்கும் முறை இருக்கிறது. வேறு சில பழைய கார்களில் பெடலை அடிவரை மிதித்து, கியர் சட்டென்று கீழிறங்கும் கிக்டவுன் எந்த இடத்தில் என்று பதிய வைப்பதும் உண்டு. இவை பெடலைப் பற்றியவை, எஞ்சினைப் பற்றியவை. அதை எடுத்து, எல்லாக் கம்பெனி வண்டிக்கும், எல்லா வகை கியர் பாக்ஸுக்கும் சர்வரோக நிவாரணி ஆக்கிவிட்டார்கள்.

பிறகு எப்படி இரண்டு நாள் நன்றாக ஓடுகிறது? இதை நான் அலட்சியமாகத் தள்ளவில்லை. நிஜமாகவே ஓடுகிறது, நான்கு பேரும் பொய் சொல்லவில்லை. முதல் காரணம் சூடு. கழற்றி மாட்டும் அரை மணி, ஒரு மணி நேரத்தில் ஆயில் ஆறுகிறது. ஆறிய ஆயிலுக்குக் கெட்டி அதிகம், அழுத்தம் நிற்கும், கியர் பிடிக்கும். இரண்டாவது, தவறு கண்டால் டிசியூ தன்னைக் காப்பாற்றிக்கொள்ள லிம்ப் மோடுக்குப் போகும், ஒரே கியரில் நின்றுகொள்ளும். பல தவறுகளுக்குச் சாவியை அணைத்துப் போட்டாலே அந்தக் காவல் விலகிவிடும். அந்தப் பெயரை ஒயர் தட்டிக்கொள்கிறது. மூன்றாவது காரணம் எங்கள் பட்டறையில் அடிக்கடி பார்ப்பது. பேட்டரி டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருக்கும், கிளாம்ப் லூசாக இருக்கும். கழற்றியவர் சும்மா மாட்டாமல் சுரண்டித் துடைத்து இறுக்கி மாட்டுவார். கியர் பாக்ஸின் சாலினாய்டுகளுக்கும் ஆக்சுவேட்டர்களுக்கும் வோல்டேஜ் சரியாகக் கிடைக்கும். வண்டி சரியாகிவிடும். சரியாக்கியது அந்தச் சுரண்டலும் இறுக்கலும். ரீசெட் என்று ஊரெல்லாம் சொல்வார்.

பொள்ளாச்சிக்காரருக்கு வருகிறேன். அவர் மகன் கல்லூரியில் படிக்கிறான். ஆறு மாதத்துக்கு முன்னால் முதன்முதலாக எரர் கோடை அழித்தபோது கைபேசித் திரையைப் படம் எடுத்து வைத்திருந்தான். தேடி எடுத்துக் காட்டினான். பி 0730. கியர் விகிதம் பொருந்தவில்லை என்று அர்த்தம். ஒரு கியரில் இவ்வளவு சுழற்சி உள்ளே வந்தால் இவ்வளவு வெளியே போக வேண்டும், போகவில்லை, எங்கோ வழுக்குகிறது என்று வண்டி ஆறு மாதத்துக்கு முன்பே எழுதிக் காட்டியிருக்கிறது. அதோடு, கோடு விழுந்த நொடியில் வேகம் என்ன, எஞ்சின் சூடு என்ன, ஆக்சிலரேட்டர் எவ்வளவு மிதித்திருந்தது என்பதையும் ஒரு படம் போல எடுத்து வைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். மெக்கானிக்குக் கிடைக்கும் ஒரே கண்கண்ட சாட்சி அதுதான். அழிக்கும் பட்டனைத் தொட்டால் கோடோடு சேர்ந்து அதுவும் போய்விடும்.

மூலகாரணம் என்ன தெரியுமா? ஆயில் கூலருக்குப் போகும் ஹோஸின் இணைப்பில் கசிவு. சொட்டுக்கூட இல்லை, வியர்ப்பது போல. பேனைக் கழற்றி அளந்தபோது ஒன்றரை லிட்டருக்கு மேல் குறைவு. மலையில் வளைவுக்கு வளைவு ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும், பம்ப் காற்றை இழுக்கும், அழுத்தம் விழும், பிளேட் வழுக்கும், வழுக்கினால் சூடு, சூட்டில் ஆயில் கருகும், கருகிய ஆயிலில் இன்னும் வழுக்கும். முதல் மாதமே வந்திருந்தால் ஒரு ஹோஸ், இரண்டு கிளாம்ப், புது ஆயில். சில ஆயிரத்தில் முடிந்திருக்கும். இப்போது பெட்டியை இறக்கிப் பிரித்தாக வேண்டும். லட்சத்தைத் தாண்டும்.

ரீசெட் என்ற ஒன்றே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. பிளேட் மாற்றினால், வால்வ் பாடி மாற்றினால், சாலினாய்டு மாற்றினால், புது சாஃப்ட்வேர் ஏற்றினால், பழைய கணக்கை அழிப்பது கட்டாயம். தேய்ந்த பிளேட்டுக்குப் போட்ட கணக்கு புது பிளேட்டுக்குப் பொருந்தாது. ஆனால் அதை அந்த வண்டிக்கு உரிய ஸ்கேனரில், ஆயில் உரிய சூட்டில் இருக்கும்போது செய்ய வேண்டும். பிறகு கையேடு சொல்லும் முறைப்படி ஓட்டிக் கற்றுக்கொடுக்க வேண்டும். ரிப்பேர் முடிந்த பிறகு செய்யும் கடைசி வேலை அது. ரிப்பேருக்குப் பதிலாகச் செய்யும் வேலை இல்லை.

கற்றுக்கொள்ளும் கியர் பாக்ஸ் நேற்று வந்ததும் இல்லை. அமெரிக்காவில் கிரைஸ்லர் 1989 மாடல் கார்களில் கொடுத்த ஏ604 என்ற நான்கு கியர் பெட்டிதான் முழுக்க எலக்ட்ரானிக்காகத் தன்னைத்தானே திருத்திக்கொண்டவற்றில் முன்னோடி. அதில் பாகம் மாற்றினால், கணக்கைச் சீக்கிரம் கற்றுக்கொடுக்க ஸ்கேனரிலேயே தனி வசதி வைத்திருந்தார்கள். பாகம் மாற்றிய பிறகு என்பதைக் கவனியுங்கள். அந்தப் பெட்டியின் பெயர் கெட்டதற்கு ஒரு முக்கியக் காரணம் ஆயில். அதற்கென்று தனி ஆயில் வேண்டும். ஆனால் டெக்ஸ்ரான் என்ற வேறு வகை ஆயிலும் ஊற்றலாம் என்று வண்டியோடு தந்த கையேட்டிலேயே அச்சடித்துவிட்டார்கள். ஊற்றியவர்களின் பெட்டி உதறத் தொடங்கியது. எந்த ரீசெட்டும் அதைக் காப்பாற்றவில்லை.

ஏஎம்டி வைத்திருப்பவர்களும் இதே ஒயரைத்தான் கழற்றுகிறார்கள். 2014-ல் செலேரியோவில் வந்து ஊரெல்லாம் பரவிய வகை இது. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர் பாக்ஸ். கிளட்சை மிதிப்பதும் கியரைத் தள்ளுவதும் மட்டும் ஆக்சுவேட்டர். கிளட்ச் பெடல் இல்லை என்பதால் கிளட்சே இல்லை என்று நினைத்துக்கொண்டு, மேட்டில் பிரேக் பிடிக்காமல் ஆக்சிலரேட்டரால் வண்டியை நிறுத்திப் பிடிக்கிறார்கள். மருதமலை ஏற்றத்தில் கூட்ட நாளில் பத்து நிமிடம் இப்படி நின்றால் போதும், கிளட்ச் நாற்றம் வண்டிக்குள் வரும். தேய்ந்த கிளட்சுக்குப் புது கிளட்ச். மாற்றிய பிறகு, அது பிடிக்கும் இடத்தை ஸ்கேனரில் கற்றுக்கொடுக்க வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற வண்டியைக் காயவைத்து ரீசெட் செய்தால் போதும் என்று சொல்லும் கூட்டமும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையில் மூழ்கிய கார்களில் ஒன்று, இரண்டு கை மாறி, விலை மலிவு என்று இங்கே ஒருவர் வாங்கி வந்தார். கியர் இழுக்கிறது என்றார். ஆயிலை வடித்தால் அசல் ரோஸ் மில்க். கியர் பாக்ஸ் சூடாகி ஆறும்போது மூச்சுவிட மேலே ஒரு சின்னத் துவாரம் உண்டு. தண்ணீர் அந்த மட்டத்துக்கு ஏறினால் அது வழியாக உள்ளே இறங்கும். பிளேட்டின் லைனிங் காகித நாரால் ஆனது, பசை வைத்து ஒட்டியது. தண்ணீர் பட்டால் அந்தப் பசை விட்டுப்போகும். பழைய கார் வாங்குகிறவர்கள் பெயின்ட்டைத் தட்டிப் பார்க்கும் நேரத்தில் பாதியை ஆயிலைப் பார்க்கச் செலவிடுங்கள்.

மற்ற தவறான நம்பிக்கைகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். கியர் ஆயில் ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்பது தவறு. பல பெரிய கார் கம்பெனிகளுக்கு ஆட்டோமேட்டிக் பெட்டி செய்துதரும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. நம் சூட்டுக்கும் நெரிசலுக்கும் மலைக்கும் நான் முன்கூட்டியே மாற்றச் சொல்வேன். பழைய வண்டிக்கு ஆயில் மாற்றினால் பெட்டி போய்விடும் என்கிறார்கள். வழுக்க ஆரம்பித்த பிறகு கடைசி முயற்சியாக ஆயில் மாற்ற வருகிறார்கள், அது எப்படியும் போகப்போகிற பெட்டி, பழி ஆயில் மேல். சிவப்பாக இருந்தால் எல்லா ஆயிலும் ஒன்றுதான் என்பது இதில் மிக மோசம். கிளட்ச் எவ்வளவு வழுக்கிப் பிடிக்க வேண்டும் என்பதை அந்த ஆயிலில் சேர்க்கும் மருந்துகள்தான் தீர்மானிக்கின்றன. அதற்காகவே ஒரு காலத்தில் அமெரிக்காவில் திமிங்கலத்திலிருந்து எடுத்த எண்ணெயைச் சேர்த்தார்கள். 1970-களில் அதற்குத் தடை வந்தபோது புதிய சேர்மானம் தேட வேண்டியிருந்தது. சிவிடி வகை கியர் பாக்ஸுக்கு உரிய ஆயில் வேறு, டார்க் கன்வர்ட்டருக்கு உரியது வேறு. மாற்றி ஊற்றிய சிவிடியை நான் திரும்ப எழுப்பியதே இல்லை.

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டால் இன்ஜெக்டர் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் குடிக்கும். மிச்சமும் இல்லை, வால்பாறையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளுக்கும் வெறும் பிரேக்கை நம்பி இறங்குகிறீர்கள். பின்னால் குழந்தைகளை உட்காரவைத்துக்கொண்டு இதைச் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

உங்களுக்கு வேண்டியது வண்டியோடு வரும் கையேட்டில் இருக்கிறது. எந்த ஆயில், எத்தனை கிலோமீட்டரில், எந்த விளக்கு எரிந்தால் எங்கே நிறுத்த வேண்டும், எப்படிக் கட்டி இழுக்க வேண்டும், எல்லாம். யாரும் படிப்பதில்லை என்று கம்பெனிக்காரர்கள் குறைப்படுகிறார்கள். என் பட்டறைக்கு வரும் கார்களின் டேஷ்போர்டைத் திறந்தால் கிடைக்கும் கையேடுகள் ஏறக்குறைய எல்லாமே ஆங்கிலம். தேங்காய் வியாபாரிக்கும், டாக்ஸி ஓட்டும் தம்பிக்கும், என்னிடம் வேலை கற்கும் ஐடிஐ பையன்களுக்கும் அது பூட்டிய பெட்டி. இருங்காட்டுக்கோட்டையிலும் ஓரகடத்திலும் தமிழ்த் தொழிலாளர்கள் கார் செய்து உலகம் முழுக்க அனுப்புகிறார்கள். அதே காரைத் தமிழ்நாட்டில் விற்கும்போது கையேட்டைத் தமிழில் தர என்ன தடை? பத்து லட்சம் கொடுத்து வாங்குகிறவருக்கு இருநூறு பக்கம் தமிழில் அச்சடித்துத் தருவது பெரிய செலவா? கையேடு புரியாத இடத்தில்தான் "எல்லாரும் சொல்றாங்க" வந்து உட்கார்கிறது. ஷோரூமில் சாவி வாங்கும்போது தமிழ்க் கையேடு கேளுங்கள். இல்லை என்றால் எழுதிக் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் நகராது, பத்தாயிரம் பேர் கேட்டால் அச்சடிப்பார்கள்.

அதுவரை எனக்காக இவ்வளவு செய்யுங்கள். கியர் வெட்டினாலோ வழுக்கினாலோ, டி-யில் போட்டு வண்டி பிடிக்க நேரம் எடுத்தாலோ, ஒயரைக் கழற்றாதீர்கள். வண்டி நின்ற இடத்தில் தரையில் சிவப்புக் கறை இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பேட்டரி டெர்மினல் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கேனர் வைத்திருந்தால் எரர் கோடைப் படியுங்கள், அழிக்காதீர்கள். தேதியும் கிலோமீட்டரும் போட்டு ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளோடு மெக்கானிக்கிடம் போங்கள். அவர் தாளை வாங்கிப் பார்க்காமலேயே "ரீசெட் பண்ணிரலாம்" என்று சொன்னால், சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு பட்டறைக்குப் போங்கள்.